போடாத இரண்டாவது ஊசி

முகக்கவசம் போடாவிட்டால் இனி அபராதம் கிடையாது என்று செய்தியில் சொன்ன மறுநாள் காலை, எங்கள் கம்பெனி வேனில் பாதிப் பேர் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அபராதம்தான் இல்லை, போட்டுக்கொள்வது நல்லது என்றும் அதே செய்தியில் சொன்னார்கள். அந்தப் பாதி யார் காதிலும் விழவில்லை.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டித் தரும் வேலை. லைனில் பதினெட்டு பேர், அத்தனையும் பெண்கள். வேன் மணிமங்கலத்தில் கிளம்பி, படப்பை தாண்டி, சேரப்பணஞ்சேரியில் என்னை ஏற்றிக்கொள்ளும். நான் ஏறும்போது எனக்கென்று ஜன்னலோர இருக்கைக்கு அடுத்த இடம் காலியாக இருக்கும். ஜன்னலோரம் என் லைன் பெண் ஒருத்தி உட்கார்ந்து, தன் பையை வைத்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பாள். இருபத்து மூன்று வயது. அதிகம் பேசமாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

“இன்னாங்கடி, நோவு ஊரைக் காலி பண்ணிக்கினு போயிடுச்சா?” என்று ஏறியதும் ஏறாததுமாக ஆரம்பித்தேன்.

“கவர்மெண்டே வாணாம்னுட்டான். உனக்கு இன்னாக்கா நோவுது?” என்றாள் பின் சீட்டுக்காரி. “ரெண்டு வருசமா மூஞ்ச மூடிக்கினு பரு வந்ததுதான் மிச்சம்.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். “ஊசி போட்டவனுக்கும்தான் ஜொரம் வந்துச்சி. அப்புறம் இன்னாத்துக்கு ஊசி?”

“ஜொரம் வந்துச்சி. ஆஸ்பத்திரில போய்ப் படுத்தியா? நாலாம் நாளு வண்டி ஓட்டிக்கினு வந்து நின்னியா இல்லியா?”

“எங்க வூட்டுக்காரு ஊசி போட்டதுலேர்ந்து கை வலின்னு சொல்லிக்கினு கீறாரு” என்றாள் இன்னொருத்தி.

“உன் வூட்டுக்காரு ஊசிக்கு முன்னாடியும் அந்தக் கையால ஒரு வேலையும் செஞ்சதில்ல.”

வேனே சிரித்தது. இப்படித்தான் ஒரு வாரத்துக்குமேல் காலையும் மாலையும் சண்டை நடந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் ஒருத்தி, “ஊசி போடலன்னா கேட்டுக்குள்ள வுடமாட்டேன்னாங்களே, அப்ப என் ஒடம்ப நானா குடுத்தேன்? சம்பளத்துக்குப் பயந்துதான குடுத்தேன்?” என்று கேட்டாள். அதற்கு நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் ஊசிக்காக அந்த வேனில் தொண்டை கிழியப் பேசியது நான் ஒருத்திதான். நான் பேசப் பேச, ஜன்னலோரத்துப் பெண் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஏன் பேசவில்லை என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

அவளுக்கு இரண்டாவது ஊசி போடவே இல்லை. போடாமல் போனதற்குக் காரணம் நான்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. காலை மீட்டிங் முடிவதற்குள் லீடர் வருகைத் தாளில் எல்லாப் பெயருக்கும் நேராக டிக் போட்டுவிட வேண்டும். எவளாவது பஸ்ஸைத் தவறவிட்டு இன்னும் வரவில்லை என்றாலும் டிக் விழும். கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் முதல் மணிக்கே வந்து நிற்பார். வரப்போகிறவள்தானே என்று போட்டுப் போட்டு, கை தானாகப் போகும். இரண்டாவது ஊசிக்கான முகாம் கம்பெனிக்குள்ளேயே நடந்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்கள் யார் என்று குறிக்க லீடர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நான் காலையிலேயே பதினெட்டுக்கும் டிக் போட்டு முடித்துவிட்டேன். எப்படியும் எல்லாரும் போகத்தானே போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஐந்தைந்து பேராக அனுப்பினேன். அவள் லைனின் கடைசி ஸ்டேஷனில், பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று டேப் சுற்றுகிறவள். அவள் இடத்தில் நிற்க வேண்டிய மாற்று ஆள் வரவில்லை. “இந்தப் பத்து செட்ட முடிச்சிட்டுப் போடி, லோடு நிக்குது” என்றேன். பத்து முடிந்ததும் இன்னொரு ஐந்து கேட்டேன். அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது நர்சுகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். தாள் மட்டும் முழுசாக அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது; அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் பதிவார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அவள் போன் சிணுங்கியது. இரண்டாவது ஊசி வெற்றிகரமாகப் போடப்பட்டது என்று செய்தி. போனை என்னிடம் நீட்டினாள். “வலியே இல்லாத ஊசி, கொடுத்து வச்சவடி” என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏனென்றால் அவளுக்கு வீசிங் உண்டு என்பது எனக்கு அப்போதே தெரியும். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். ஒப்பந்தத் தொழிலாளி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இழுப்பு என்று தெரிந்தால் யார் புதுப்பிப்பார்கள்? ஒரு முறை பாத்ரூமில் அவள் மருந்தை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். “யாராண்டயும் சொல்லிடாதக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

பொங்கல் சமயத்தில் கொரோனா மறுபடி பரவியபோது அவள் பயந்துபோனாள். பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய் இரண்டாவது ஊசி கேட்டிருக்கிறாள். அவள் போன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “உனக்குத்தான் ரெண்டும் முடிஞ்சிருச்சேம்மா, போ” என்று அனுப்பிவிட்டார்கள். தவறாகப் பதிந்துவிட்டது என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்களாம். கம்பெனி கடிதம் கொடுக்க வேண்டுமென்றால், போடாத ஊசிக்கு நான் டிக் போட்டேன் என்று நான் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். லீடர் வேலை போகும். பதினோரு வருடம் டேப் சுற்றி வாங்கிய வேலை அது. “பாக்கலாம்டி, கொஞ்சம் ஆறட்டும்” என்றேன். நான் சொன்னபடியே ஆறவிட்டேன், மாதக் கணக்கில்.

இப்போது வேனில் முகக்கவசம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. கடைசியில் அவளும் நானும்தான் மிச்சம். என்னை யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள், நான் திருப்பிக் கடிப்பேன். அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ரெண்டு ஊசி போட்டவ, உனக்கு இன்னாடி பயம்?”

“அழகிப் போட்டிக்குப் போறா, மூஞ்சியப் பொத்தி வச்சிக்கினு கீறா.”

“ஊசி போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு அக்காதான் டெய்லி கத்துது. அக்காவுக்கு லைன்ல சிஷ்யை நீதான், உனக்கே நம்பிக்கை இல்லியா?”

அது என் வாதம். என் வாயிலிருந்து எடுத்து அவள் மேல் எறிந்தார்கள். நான் பேச்சை மாற்றினேன்.

அன்று கேன்டீனில் அந்தப் பெண் தட்டை என் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “ஆபீஸ்ல சொல்ல வாணாம்க்கா. கடுதாசியும் வாணாம். வேன்ல மட்டும் சொல்லு. இவளுக்கு ஊசி போடல, நாந்தான் தப்பா டிக் போட்டுட்டேன்னு சொல்லு. அப்பவாச்சும் என்னிய வுடுவாங்க.”

“நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா, பொய் சர்டிபிகேட்டு வச்சிக்கினு உள்ள வந்தவன்னு ஆயிடும். நீ லீடரு. நீ சொன்னாதான் நம்புவாங்க.”

சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வீட்டில் துணி துவைக்கும்போது எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மூன்று முறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் வேன் சேரப்பணஞ்சேரியைத் தாண்டுவதற்குள் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. பின் சீட்டுக்காரி எட்டி அவள் காதில் மாட்டியிருந்த கயிற்றை இழுத்தாள். விளையாட்டுக்குத்தான். முகக்கவசம் ஒரு பக்கம் தொங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் எழுந்து நின்றேன். பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்தன. என் லைன் பெண்கள், நான் தினமும் அதட்டுகிறவர்கள். இவர்களிடம் நான் தப்பு செய்தேன் என்று சொல்லிவிட்டு நாளைக்கு எப்படி அதட்டுவேன் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

“வுடுங்கடி அவள. அவளுக்கு வீசிங் கீது. சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. வெளாட்றதுக்கு வேற ஆளு கெடைக்கலியா?”

பின் சீட்டுக்காரிக்கு முகம் செத்துவிட்டது. “அய்யோ, ஏண்டி சொல்லக் கூடாதா? மன்னிச்சுக்கோடி” என்று அவளே முகக்கவசத்தை மாட்டிவிட்டாள். ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டாள். இன்னொருத்தி தன் பையில் இருந்த பழைய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக, ஏன், பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் திரும்பியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. காரியம் முடியவில்லை, கெட்டுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் நடந்ததில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பின் சீட்டுக்காரி மனசு கேட்காமல் சூப்பர்வைசரிடம் போய், “சார், அதுக்கு இழுப்பு சார், பிளாஸ்டிக் சூடு பண்ற மெஷினாண்ட நிக்க வெக்காதீங்க, பொக அடிக்குது” என்று பரிந்து பேசியிருக்கிறாள். சூப்பர்வைசர் ஆபீசுக்குச் சொன்னார். ஆபீசில் பழைய மெடிக்கல் பாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். அவள் இரண்டு முறை வாங்கி வந்தும் இது போதாது என்றார்கள். அந்த மாதத்தோடு அவளுடைய ஆறு மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

யூனிபார்ம் கோட்டையும் ஷூவையும் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் மதியம் வந்தாள். உணவு இடைவேளையில் கேட் பக்கம் ஓடிப் போனேன். அவள் முகக்கவசம் போட்டிருந்தாள். நான் போடவில்லை, சாப்பிட்டுவிட்டு அப்படியே வந்திருந்தேன். “ஆபீஸ்ல நான் போய்ப் பேசறேன்டி, எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றேன். மூச்சு வாங்கியது எனக்கு.

அவள் கோபப்படவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இன்னும் இன்னாக்கா சொல்லப் போற? உன் தப்பச் சொல்லுன்னு கேட்டேன். நீ என் நோவச் சொல்லிட்ட.”