வாட்டசாட்டமான ஆளுக்கு ஒரு மிஷின் வாள்

போடியில் நாங்கள் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்போம். உட்கார்ந்திருக்கும்வரை எல்லாரும் ஒரே மட்டம்தான். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது மட்டும் முனீஸ்வரி எங்களுக்கு மேலே ஒரு தலை உயர்ந்து நிற்பாள். அவள் வீட்டுக்காரர் சோலை அவள் காது மட்டத்துக்கு இருப்பார், ஒல்லி வேறு. கல்யாணத்தன்று அவளுடைய அக்காவே "கைக்கு அடக்கமான மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தாளாம். பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகிற இந்தக் காலத்திலும் அந்தச் சிரிப்பு முனீஸ்வரிக்கு ஆறவில்லை. அந்த மனுஷர் மேல் அவளுக்கு உயிர். ஆனால் நாலு பேர் பார்வையில் அவர் சின்னதாகத் தெரிவது அவளுக்குப் பொறுக்காது.

எங்கள் தொழிலும் அந்த மாதிரிப்பட்டது. சல்லடையில் போட்டுக் குலுக்கினால் மேலே நிற்பது பருவெட்டு, அதற்கு ஒரு மரியாதை. ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது அடுத்த ரகம், அதைச் சாக்கில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். வருஷக்கணக்காக இதையே செய்தால் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கண் பெரிசைத்தான் தேடும். எனக்கும் அப்படித்தான், அதனால் அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

சோலைக்கு மலையில் சோலி. குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத் தோட்டங்களில் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார், அதாவது செடிக்கு வெயில் இறங்குகிற அளவுக்குக் கிளையைக் கழிப்பது. காற்றில் சாய்ந்த மரம் இருந்தால் அதையும் அறுப்பார். சாய்ந்த மரத்தை முழுசாகக் கீழே கொண்டுவர அங்கே ரோடு கிடையாது. தோட்டக்காரர் அனுமதி வாங்கிய பிறகு, கிடந்த இடத்திலேயே அதைப் பலகையாக அறுத்துத் தலைச்சுமையாக ஜீப் நிற்கிற இடத்துக்குக் கொண்டு வருவார்கள். இத்தனை நாளும் மேஸ்திரியின் மிஷின் வாளை வைத்துத்தான் வேலை. சொந்தமாக ஒன்று வாங்கினால் பலகை வேலையைத் தானே பிடிக்கலாம் என்று சோலைக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆசை என்றால் ஓடிப்போய் வாங்குகிற ஆள் இல்லை அவர். மலையில் யார் கையில் எந்த மிஷினைப் பார்த்தாலும் வாங்கித் தூக்கிப் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், ஓட்டுகிறவரிடம் குறையையும் கேட்டுக்கொள்வார். ஒருவழியாக முடிவு பண்ணி, கவாத்து ஆரம்பிக்கிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரியிடம் சொன்னார். அவர் வாரம் முழுக்க மேலேயே தங்க வேண்டியிருந்தது. அங்கே போனும் எடுக்காது. கடைக்குப் போகிற வேலை அவளுக்கு வந்தது.

"எழுபது சி.சி. மிஷினா எடு. அதுக்குக் கீழ போனா பலகை அறுக்கையில சூடேறி நின்னுரும். தொண்ணூறுன்னு ஒண்ணு இருக்கு, அது பலகையை வெண்ணெயா அறுக்கும். ஆனா அந்தக் கனத்தத் தூக்கிக்கிட்டு நம்ம சரிவுல ஏறி இறங்க முடியாது. எழுபதுன்னா பலகை கொஞ்சம் மெதுவா வரும், வந்துட்டுப் போகட்டும். செயின் ஓடுற பார் மட்டும் ரெண்டு வாங்கிரு. கவாத்துக்குக் குட்டை, பலகைக்கு நீளம்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பேச்சைத்தான் அவள் மாற்றினாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குத்புதீன் பாய் கடையில் தோட்டச் சாமான் எல்லாம் கிடைக்கும். அவள் போன நேரம் மலையிலிருந்து வந்த ஆண்கள் நாலைந்து பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பலகையும் அறுக்கணும், காட்டு வேலைக்கும் வேணும் என்று அவள் கேட்டதும் பாய் எழுபதைத்தான் எடுத்து வைத்தார். பக்கத்திலேயே தொண்ணூறு இருந்தது. அதன் பார் நீளத்தையும் உடம்பையும் பார்த்ததும் இவள் கண் அங்கே போய்விட்டது.

"இது பெரிய மிஷின்மா. ஆளு நல்லா இருந்தாத்தான் சமாளிக்க முடியும். உங்க வீட்டுக்காரரு உடம்பு எப்படி?" என்று பாய் கேட்டிருக்கிறார். வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நின்றிருந்தவர்களில் ஒருத்தனுக்குச் சோலையைத் தெரியும் போலிருக்கிறது. வாயைக் கோணி லேசாகச் சிரித்தான்.

"அவுகளுக்கென்ன, ஆளு நல்ல வாட்டசாட்டம்," என்றாள் முனீஸ்வரி. "பெரிசையே குடுங்க."

யோசிச்சு எடும்மா, அவரையே கூட்டிட்டு வந்து பாரேன் என்று பாய் மறுபடியும் சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். சனிக்கிழமை இறங்கி வந்த சோலை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாராம். அதைக் கண்டு பயந்து அவள் ஒரு பொய் சொன்னாள். "எழுபது தீந்து போச்சாம். இதத்தான் எடுத்தாகணும்னு அந்தப் பாய் தலையில கட்டிட்டாரு."

சோலை அதை நம்பிவிட்டார். "சரி, போகட்டும். பலகைக்கு நல்லா இருக்கும்," என்றார். உண்மையிலேயே பலகைக்கு நன்றாகத்தான் இருந்தது. கவாத்துக்குத்தான் அது ஆகவில்லை. தலைக்கு மேலே ஒரு கிளையைக் கழிக்கக் கையைத் தூக்கினால் இறக்குவதற்குள் தோள் செத்துவிடும். வீட்டில் அதைச் சொல்ல மாட்டார். ஆனால் காலையில் ஜீப்பில் போகும்போது, "அந்தப் பாய் கடைப்பக்கம் மட்டும் போயிறாதீங்க அண்ணே, பொம்பள வந்தா ஏமாத்தி விட்டுருவாரு," என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குரங்கணி ஜீப்பில் சொன்னால் போடி முழுக்கச் சொன்ன மாதிரி. மலை ஆட்கள் பாய் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

மழை தொடங்கியதும் அது நடந்தது. ஈரச் சருகில் சரிவு இறங்கும்போது தோளில் இருந்த கனம் ஒரு பக்கமாக இழுத்து, சோலை விழுந்தார். வெறும் ஆளாக விழுந்திருந்தால் கையை ஊன்றியிருப்பார். பெண்டாட்டி ஆசையாக வாங்கிய மிஷின் கெட்டுவிடக் கூடாதென்று அதை இரண்டு கையாலும் மேலே பிடித்துக்கொண்டு தோள் அடிபட விழுந்திருக்கிறார். காரை எலும்பு முறிந்தது. மிஷினுக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில், "நல்லவேளை, மிஷினுக்கு ஒண்ணும் ஆகல முனீசு," என்று அவர் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் உடைந்தாள். காய் பிரிக்கிற தட்டுக்கு முன்னால் குனிந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "நான்தான்க்கா எலும்ப ஒடிச்சேன். அவுக சொன்னத வாங்கியிருந்தா அவுக பாட்டுக்கு நடந்து வந்திருப்பாக. அந்தப் பாய் பேரையும் கெடுத்துப்புட்டேன். தொழுகைக்குப் போறப்ப எதுக்க வந்தா நான் சந்துக்குள்ள திரும்பிர்றேன்." சோறு இறங்கவில்லை அவளுக்கு. பிள்ளைகள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். எனக்கும் கோபம்தான், திட்டித் தீர்த்துவிட்டேன். பிறகு அந்தப் பெரிசைக் கொடுத்துவிட்டு எழுபதை வாங்குகிற வழியைப் பார் என்று சொன்னேன்.

எலும்பு கூடி, மழையும் ஓய்ந்த பிறகு சோலை மலைக்குப் போகத் தயாரானார். மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் கேட்டதும், "அந்த ஆளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்றார். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேருமாகப் போனோம்.

சோலை மிஷினைக் கல்லாவுக்கு முன்னால் வைத்தார். "ஆள் இல்லாத நேரத்துல பொம்பளகிட்ட இதத் தள்ளிவிட்டீங்களே பாய், உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றார்.

குத்புதீன் பாய் அப்போதுதான் சோலையை முதல் தடவையாகப் பார்க்கிறார். தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு முனீஸ்வரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது உடைத்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு என் பேர்லதான் தம்பி," என்றார் பாய். "ஆளப் பாக்காம மிஷினக் குடுத்திருக்கக் கூடாது. அது எனக்கே மனசுல உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடிபட்டதக் கேள்விப்பட்டதுல இருந்து சரியாத் தூக்கமில்ல." எழுபதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இது உங்களுக்குத் தோதா இருக்கும். நல்லபடியா மாத்திக்கலாம்."

சோலை அதைத் தூக்கிப் பார்த்தார். கைக்கு ஏற்றாற்போல அது போய் உட்கார்ந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ராசிங்காபுரத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் கடைக்குள் வந்தார். சோலை கோபம் முழுசாக ஆறாமல் அவரிடம், "சூதானமாப் பாத்து வாங்குங்க மாமா, இங்க இல்லாததை இருக்குன்னும் இருக்குறதை இல்லன்னும் சொல்லுவாக," என்றார். பாய் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

முனீஸ்வரியால் அதைத் தாங்க முடியவில்லை. "அவரச் சொல்லாதீங்க," என்றாள். "அவரு எழுபதத்தான் எடுத்து வச்சாரு. ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொன்னாரு. நாந்தான் கேட்காமப் பெரிச எடுத்துட்டு வந்து பொய் சொன்னேன்."

"எதுக்கு?" என்றார் சோலை.

"நாலு பேரு நின்னாக. வீட்டுக்காரரு உடம்பு எப்படின்னு கேட்டாரு."

"அதுக்கு?"

சொல்லத் தொடங்கிய பிறகுதான் இது எங்கே போய் முட்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. பொய்யை ஒத்துக்கொண்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தாள். பொய்க்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வாள்?

சோலையே சொன்னார். "சின்ன ஆளுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சாக்கும்." சத்தம் போடவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

பிறகு பாய் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க பாய். தெரியாமப் பேசிட்டேன். திங்கக்கிழமை ஜீப்புலயே சொல்லிர்றேன், தப்பு எங்க மேலதான்னு." எழுபதைப் பதனமாக மேஜையில் வைத்தார். குனிந்து தொண்ணூறைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "எனக்கு இதுவே இருக்கட்டும்."

"தம்பி, தோளு இன்னும்..." என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய். பழகிருச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்து நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். "மிஷின்மேல என்னப்பா கோவம், வச்சுட்டு வா," என்று நான் கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. முன்னால் நடந்தார். பாதி வழியில் அதை நல்ல தோளிலிருந்து எடுத்து, ஒடிந்து கூடிய தோளில் மாற்றி வைத்தார். வேண்டுமென்றுதான் செய்தார். முனீஸ்வரி கையை நீட்டப் போய் இழுத்துக்கொண்டாள்.

"வாங்கித் தூக்கிட்டு வர வேண்டியதுதானடி," என்று பிறகு கேட்டேன்.

"என்னன்னு சொல்லி வாங்குவேன் அக்கா? கனமா இருக்கும், குடுங்கன்னா? இனி நான் எதச் சொன்னாலும் அந்தப் பேச்சாத்தான் அவுக காதுல விழும்."

திங்கட்கிழமை காலையில் ஜீப் எங்கள் தெருமுனையில்தான் நின்றது. "பாய் மேல தப்பில்லண்ணே, எங்க வீட்டுலதான் பெரிசாக் கேட்டாக," என்று சோலை உள்ளே இருந்தவர்களிடம் சொன்னபடியே சொன்னார். சோலையைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். மிஷினைக் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். முனீஸ்வரி சோற்றுத் தூக்கை நீட்டினாள். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் "பாத்துப் போங்க" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அன்றைக்குச் சொல்லவில்லை.