முதல் டிவிஷனும் எங்கள் முதலாளியும்

ரோடு ரோலரை ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவுகளில் திணறித் திணறி ஏறி வந்த காலையை என்னால் மறக்க முடியாது. பின்னால் சேலம் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லாரிக்கு முன்னால் சிவப்புத் துண்டை ஆட்டியபடி, எதிரில் வரும் வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டே ஒருவர் நடந்து வந்தார். அவர் கால்பந்து ஆடியவரல்ல. அதற்கு முந்தைய வருஷம்வரை பார்த்தவரும் அல்ல. ஏற்காடு ஏரிக்குக் கீழே பத்து அறைகள் கொண்ட ஒரு லாட்ஜின் சொந்தக்காரர். நாங்கள் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டோம்.

எங்கள் கிளப்பில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள், சொந்தக் காட்டில் பாடுபடுபவர்கள், ஒரு பஸ் கண்டக்டர், ஓட்டல்களில் வேலை பார்க்கும் சிலர் எனப் பதினைந்து பேர் இருந்தோம். நான் கோல் கீப்பர், கேப்டனும்கூட. மாவட்ட லீக்கில் பல வருஷம் இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தோம். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அடித்த பந்து தானாக மேற்கே உருண்டு காப்பிச் செடிகளுக்குள் போய்விடும். அதிலேயே ஆடிப் பழகித்தான் ஒரு வருஷம் ஜெயித்து முதல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றோம். சேலத்தில் கடைசி ஆட்டம் முடிந்து, மழையில் நனைந்த ஜெர்சியோடு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, லாட்ஜுக்குக் காய்கறி வாங்க வந்திருந்த அவர் எங்களைப் பார்த்துத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தோம்.

ஜெயித்தவர்கள் ஏன் இப்படிச் சத்தமில்லாமல் வருகிறார்கள் என்று அவர் கேட்டார். முதல் டிவிஷனில் ஆடச் சரிவில்லாத மைதானம் வேண்டும், பயிற்சி பெற்ற கோச் வேண்டும், வாரந்தோறும் கீழே போய்வர வண்டி வேண்டும், இதெல்லாம் நம்மால் ஆகாது, அடுத்த வருஷமும் இரண்டாம் டிவிஷனிலேயே ஆடப்போகிறோம் என்று சொன்னேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். மலையில் பாதி தூரம் ஏறிய பிறகு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், "செய்யலாமுங்க" என்றார்.

கிளப்புக் கூட்டத்தில் கண்டக்டர் மட்டும் எதிர்த்தார். காசு போடுகிறவர் கையில் கிளப் போய்விடும் என்றார். முதலாளி கோபப்படவில்லை. யார் ஆடுவது என்பதைக் கோச்தான் முடிவு செய்வார், தான் தலையிடப் போவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கிளப்பை அவரிடம் ஒப்படைக்கும் தாளில் முதல் கையெழுத்து நான் போட்டேன். ரோலர் ஓடி மைதானம் சமமானது. சேலத்திலிருந்து கோச் வந்தார். அவரோடு வெளியூர் ஆட்டக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கோல் கீப்பர், என்னைவிடப் பத்து வயது இளையவன்.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம், தூறலில் நனைந்தபடி ஸ்கூட்டரில் வாழவந்தியில் இருக்கும் என் வீட்டுக்கு முதலாளி வந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, கோச்சு உங்கள உக்கார வெக்கச் சொல்றாருங்க. ஆள் விட்டுச் சொல்ல மனசு வரலீங்க. அதான் ஊட்டுக்கே வந்தேன்."

சரிங்க என்றேன். அவர் போன பிறகு மனைவி, இப்படி வந்து சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்றாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததனாலேயே என்னால் கோபப்படவும் முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்து கைதட்டினேன். அந்தப் பையன் நன்றாகவே ஆடினான். அவன் பாய்ந்து பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் என் கை தட்டியது, உள்ளே ஏதோ ஒன்று புளித்தது. நாங்கள் முதல் டிவிஷனில் தங்கினோம். ஊரே கொண்டாடியது. நான் மெல்ல மைதானத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு மலைப்பாதை இரண்டு இடங்களில் சரிந்தது. வாரக்கணக்கில் வண்டிகள் ஏறவில்லை. சுற்றுலாக்காரர்கள் இல்லாமல் லாட்ஜ் இருண்டு கிடந்தது. அப்போதும் முதலாளி கிளப்பை விடவில்லை. வேலையாட்களை அனுப்பிவிட்டு, அவரும் அவர் மனைவியுமே ஆட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கோச் போனார். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக அந்தக் கோல் கீப்பரும் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். ஒரே ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. தோற்காமல் இருந்தால் போதும், முதல் டிவிஷனில் தங்கிவிடலாம்.

அவர் மறுபடியும் வாழவந்திக்கு வந்தார். அப்போது நான் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மேலே நின்று, அதில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் இறங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோலில் நிற்க முடியுமா என்று கேட்டார். முட்டி வலி, நிற்க முடியாது என்றேன். மூன்று ஆள் உயர ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கியவன் நான். அவர் ஏணியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பாத்துக்குங்க தம்பி. வலியோட மேல ஏறாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் கோலில் நின்றார். வாழ்க்கையில் கையால் பந்தைத் தொட்டவரல்ல அவர். இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. அந்த டீயை நான் முழுதாகக் குடித்தேன் என்பது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. லாட்ஜ் கை மாறியது. முதலாளி அடிவாரத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்தார். சேலம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் தவிர்த்து உட்காருவேன்.

அதன் பிறகு கிளப்புக்குத் திரும்பினேன், விலகவில்லை. ஆடவில்லை, செயலாளராக இருந்தேன். எத்தனையோ தோல்விகளுக்குப் பிறகு இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே மறுபடியும் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறிய மறுவாரமே தலைச்சோலைப் பக்கம் பெரிய ரிசார்ட் கட்டியிருக்கும் ஒருவர், கிளப்பைத் தான் எடுத்து நடத்துவதாகச் சொல்லியனுப்பினார். பதில் எழுத வேண்டியவன் நான். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மறுநாள் பஸ் ஏறி அடிவாரத்தில் இறங்கினேன்.

முதலாளி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே, அன்றைக்கு எனக்கு முட்டி வலி இல்லை என்று சொன்னேன்.

"தெரியுமுங்க. நல்லாத்தான எறங்குனீங்க" என்றார். தராசிலிருந்த பருப்பைக் காகிதத்தில் கொட்டினார். "உங்கள உக்கார வெக்கச் சொன்னது கோச்சு இல்லீங்க தம்பி. நாந்தான். எடம் உறுதின்னு வாக்குக் குடுத்தாத்தான் அந்தப் பையன் வருவேன்னான். கோச்சு உங்களத்தான் வேணும்னாரு. காசு போட்டவனுக்கு அவசரமுங்க. நொம்ப அவசரப்பட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். வந்தது. அவர் ஸ்கூட்டரில் நனைந்து வந்த அந்த மாலையை ஒரு பெருந்தன்மையாக இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன். ஆனால் அவர் பொட்டலம் கட்ட நூலின் நுனியைத் தடவித் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அந்தக் கோபம் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார்.

கிளப்புக் கூட்டத்தில் இரண்டையும் மறைக்காமல் சொன்னேன், என் பொய்யையும் அவர் பொய்யையும். கண்டக்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரிசார்ட்காரருக்கு எழுதிய கடிதத்தில், ஆடுபவர்களைத் தேர்ந்தெடுப்பதில் உரிமையாளர் சொல் செல்லாது என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்றோம். வாய்வார்த்தை வேண்டாம் என்று கண்டக்டர்தான் அழுத்திச் சொன்னார். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு சம்மதித்துக் கையெழுத்து வந்தது. அவரும் ஒரு மழைக்காலத்தைத் தாங்குவாரா என்று யாருக்கும் தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். பழைய முதலாளியைப் பஸ்ஸில் கூட்டிவந்து, கோலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ரிசார்ட்காரர் எதிர்ப்பக்கம் ஷாமியானாவுக்குக் கீழே, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் யாரென்று அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். முதலாளி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அவருகிட்ட என்னங்க சொல்றது? எனக்குத் தூரத்துப் பந்து தெரியலீங்க. யாருகிட்ட பந்து இருக்குதுன்னு சொல்லுங்க."

நடுவர் விசில் ஊதினார். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தேன்.