ஐபோனுக்குப் போகாத சாவுச் செய்தி

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் சனங்கள் பகாவ், தம்பின், கோலா கிளாவாங் என்று ஆளுக்கோர் ஊராகச் சிதறிவிட்டார்கள். நல்லது கெட்டது தெரிவிக்க ஓர் ஆப் வேண்டுமென்று தோட்டத்துச் சங்கத்தில் புரோகிராம் எழுதும் என்னிடம் கேட்டார்கள். ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும் என்று மார்தட்டி ஒப்புக்கொண்டேன்.

செய்தி அனுப்பும் பகுதிக்கு மட்டும் வேறொரு கம்பெனி ஆயத்தமாக எழுதி வைத்திருந்த புரோகிராம் தொகுப்பை, அதாவது கிட்டைச் சேர்த்தேன். 'ஐந்தே நிமிடத்தில் சேர்க்கலாம்' என்று போட்டிருந்தான். மூன்று நாள் ஆனது. மருமகளை அழைத்தால் சம்பந்தி வீடே வந்து இறங்குவதுபோல், அந்த ஒரு கிட்டோடு இன்னும் ஏழெட்டு கிட்டுகள் வந்து உட்கார்ந்தன. ஐபோனுக்குச் செய்தி போகத் தனியாக ஒரு சான்றிதழ் ஏற்ற வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

சோதித்துப் பார்க்க ஒரு சாவுச் செய்தி வேண்டும். அடுத்தவர் பெயரைப் போட்டால் அடிதடி. என் பெயரைப் போட எனக்கே பயம். அப்பா பெயரைப் போட்டேன். என் ஐபோனில் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். 'சோதனைக்கு மட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட மறந்ததால், ஆண்ட்ராய்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் அப்பா நான்கு முறை இறந்தார்.

சாவு விழுந்தால் போன் போட்டு விசாரிப்பது எங்கள் தோட்டத்து ஆட்களிடம் மரியாதை கிடையாது. சட்டையை மாற்றிக்கொண்டு நேரே கிளம்பிவிட வேண்டும். அப்பா வாசலில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது தம்பினிலிருந்து வேன் வந்து நின்றது. கேட்டிலேயே ஒப்பாரி ஆரம்பமாகிவிட்டது.

"யாரும்மா போயிட்டா?" என்று எழுந்து போனார் அப்பா. அழுதுகொண்டிருந்த அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என்ன, ஆயுசு கெட்டி என்றார்கள். மாலைகளை வேனிலேயே ஒளித்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டே தேத்தண்ணி குடித்தார்கள். அப்பா மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கோலா கிளாவாங்கில் இருக்கும் பெரியப்பா, கோயில் கமிட்டித் தகராறில், "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"சொன்ன மாதிரியே வரல, பாத்தியா," என்றார் அப்பா சாயங்காலம்.

"பெரியப்பா வச்சிருக்கறது ஐபோன்பா. அதுக்குச் செய்தியே போகல. என் தப்பு."

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப அண்ணனுக்குத் தெரியாது லா! அதுலயும் போற மாதிரி செய்யி."

இரண்டு நாளில் சான்றிதழை ஏற்றினேன். மறுபடி அப்பாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும், 'அப்பா நலம். உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்' என்று அனுப்பினேன். யார் திறந்து படித்தார்கள் என்று காட்டும் வசதி கிட்டில் உண்டு. ஒரு நிமிடத்தில் படித்திருந்தார். மறுநாளும் அனுப்பினேன். அதையும் படித்தார். வரவில்லை. பதிலும் இல்லை.

"என்னாச்சு?" என்று அப்பா கேட்டார்.

ஓடாத புரோகிராமை ஓடுகிறது என்று எத்தனையோ முறை சாதித்திருக்கிறேன். ஓடுவதை ஓடவில்லை என்று சொன்னது அன்றுதான். "ஐபோனுக்கு இன்னும் போகலப்பா."

"அதானே பாத்தேன். தெரிஞ்சா வராம இருப்பாரா?" என்றார் அப்பா. "மெதுவா செய்யி. ஒண்ணும் அவசரமில்ல லா."