ருசி வால்வு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தொழிற்சாலையின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றவர்கள் நான்கு பேர். நான், என் கூட்டாளி, பராமரிப்பு மேலாளர், நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்த வாட்ச்மேன். இருந்திருக்க வேண்டிய ஐந்தாவது ஆள் ஆர்.ஓ. அக்கா, தண்ணீரில் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின்களைப் பூட்டுகிறவர். அவர் மண்ணூரில் நாத்தனார் மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தார். அவருடைய மீட்டரும் அவரோடு போயிருந்தது. பேனா அளவில், நீல மூடி போட்ட சின்னக் கருவி. தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும். இன்று அது என் சட்டைப்பையில் இருக்கிறது.

நானும் கூட்டாளியும் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே லைன், ஒரே ஷிப்ட். காண்ட்ராக்ட் முடிந்து இருவரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். கண்ணாடி கழுவும் தொழில் தொடங்கலாம் என்ற யோசனை என்னுடையது. கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. தரையில் நின்றபடியே நீளமான கம்பத்தின் நுனியில் உள்ள பிரஷ்ஷால் மூன்று மாடி வரை கழுவலாம். கம்பத்துக்குள் ஓடும் குழாயில் வரும் தண்ணீரில் மட்டும் உப்பு இருக்கக் கூடாது. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். உப்பில்லாத தண்ணீர் காய்ந்த இடம் தெரியாது, துடைக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிறவன். அப்படி உப்பை எடுக்கும் இயந்திரத்தின் ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு உட்கார்ந்து பத்து நாள் படித்தேன். விலையைச் சொன்னதும் கூட்டாளி, "மாப்ள, நம்ம ரெண்டு பேரு கிட்னிய வித்தாலும் பத்தாதுடா" என்றான்.

எங்கள் ஹாஸ்டலில் இருந்த குடிநீர் மெஷினைப் பார்க்க மாதம் ஒருமுறை மொபெட்டில் வருகிறவர் அக்கா. பின் சீட்டில் குழாய்களைக் கட்டியிருப்பார். புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை. கையேட்டின் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா இது, நம்ம வூட்டு மெஷின்தான். கொஞ்சம் பெருசா கீது. கடைசில கீற இந்த சிலிண்டர் ஒண்ணுதான் புதுசு. மிச்சம் மீதி உப்ப அது புடிச்சிக்கும், அவ்ளோதானே? நாமளே பூட்டிக்கலாம்." பத்து நாள் நான் பட்ட பாட்டை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இரண்டு வாரம் வேலை நடந்தது. நான் படித்துச் சொல்வேன், அவர் பூட்டுவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினைப் பூட்டினாலும் முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சப்பென்று இருந்தால், பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வைக் கொஞ்சம் திறப்பார். வடிகட்டாத தண்ணீர் துளி கலந்து ருசி வந்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் ருசி வால்வு. "மீட்டரு நம்பர்தான் சொல்லும்பா. தண்ணி எப்டி கீதுன்னு நாக்குதான் சொல்லும்" என்பார். இத்தனை ஹாஸ்டல்களில் அவர் பூட்டிய தண்ணீரை யாரும் குறை சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

சனிக்கிழமை மதியம் மெஷின் ஓடியது. போர் தண்ணீரில் ஆயிரத்து நானூறு காட்டிய மீட்டர், சிலிண்டரைத் தாண்டிய தண்ணீரில் பூஜ்யம் காட்டியது. நேரத்தோடு நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கூட்டாளி அதற்குள் குழாயில் வாயை வைத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். "உப்பே இல்லாத தண்ணிய பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான்டா குடிக்கிறேன்!"

"டேய், அது கண்ணாடிக்குடா. சத்தே இல்லாத தண்ணி, ஒடம்புக்கு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அக்கா அதட்டினார். அவன் சிரித்துக்கொண்டே பாட்டிலிலும் பிடித்துக்கொண்டான். ஒரு மூட்டில் கசிவு இருக்கிறது, சரிசெய்து டாங்க்கை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறேன் என்றார் அக்கா. நாங்கள் கம்பம் வாங்கக் கிளம்பினோம்.

மறுநாள் மெஷினையும் டாங்க்கையும் வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தச் சுவரைக் கழுவி முடித்தபோது எனக்கே கண் கூசியது. வெயில் ஏறியது. ஒவ்வொரு சதுரத்திலும் வெள்ளைப் புள்ளிகள் பூத்தன.

"என்னப்பா, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு?" என்றார் மேலாளர்.

அது வெள்ளோட்டம். கண்ணாடி சுத்தமாகக் காய்ந்தால் ஒரு வருட வேலை எங்களுக்கு. இல்லையென்றால் கயிற்றில் இறங்கிக் கழுவுகிற ஆட்கள் தயாராக இருந்தார்கள். நாங்கள் மறுபடியும் கேட் கேட்டாக வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான். நோட்டை விரித்துக் காட்டினேன். "ஜீரோ சார். எழுதியே வெச்சிருக்கேன்."

"நோட்டுல ஜீரோ இருக்கு தம்பி. கண்ணாடில இல்லையே" என்றார். கோபப்படவில்லை. மூன்று மணிக்குக் கிளம்புவதாகவும், அதற்குள் சரியாகவில்லை என்றால் கயிற்றுக்காரர்களைக் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

போன் செய்த அரை மணி நேரத்தில் அக்காவின் மொபெட் வந்து நின்றது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள், கழுத்தில் காய்ந்த சந்தனம். டாங்க்கில் மீட்டரை முக்கினார். தொண்ணூற்றிரண்டு. பிறகு கையை விட்டுக் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "நல்லாத்தான கீது" என்று முனகியவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நேராக மேலாளரிடம் போனார்.

"சார், தப்பு என்னுது. புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. நேத்து இவன் கொழாய்ல வாய வெச்சிக் குடிச்சிக்கினு இருந்தான். வெயில்ல நிக்கப்போறவனுங்க, திரும்பவும் இதத்தான் குடிப்பானுங்க, கை கால் இழுத்துக்கப் போவுதேன்னு ஒரு வால்வு போட்டு லைட்டா தொறந்து வுட்டேன். கண்ணாடிக்குன்றத மறந்தே பூட்டேன்."

நிழலில் இருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. "கண்ணாடிக்கும் ருசி காட்டிட்டியாம்மா?"

"நீ சும்மா கெடய்யா" என்றார் அக்கா. மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது அப்போதுதான்.

வளையல்கள் குலுங்க வால்வைக் கழற்றி, அந்த வாயை அடைத்து, டாங்க்கைக் கவிழ்த்தார். மறுபடி நிரம்ப இரண்டு மணி நேரம் ஆனது. இந்த முறை பூஜ்யத்தை மேலாளரிடமே காட்டிவிட்டுக் கழுவினோம். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அவர் காய்ந்த கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் குனிந்தும் பார்த்தார். "நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாருங்க" என்றார்.

ஒன்றை நான் இன்றுவரை யாரிடமும் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. தினமும் வேலை தொடங்கும் முன் தண்ணீரை அளக்க வேண்டும் என்று கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அதைப் படித்தவன் நான். நேற்று எழுதியதை நம்பி, இன்றைய தண்ணீரை அளக்காமல் விட்டவனும் நான். ஒரு மீட்டர் இரவல் வாங்கியிருந்தால் அக்கா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்க வேண்டாம். அவர் பழியை ஏற்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. மேலாளர் போன பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும், வுடு" என்றார். "மெஷின் தப்புன்னா ஸ்பானர் போட்டா சரியாப்பூடும். உம்மேல தப்புன்னா அந்தாளு வேலய குடுப்பாரா? ரெண்டு பேரும் தப்பு தப்புன்னு நின்னா, அப்பறம் யார நம்பறது?" மொபெட்டை உதைத்துக் கிளப்பியவர், இறங்காமலே மீட்டரை நீட்டினார். "இத நீயே வெச்சிக்கோ. எனக்கு நாக்கு கீது."

இப்போது எங்களிடம் மூன்று வண்டிகள் இருக்கின்றன. அக்கா, மகனுக்கு வேலை கிடைத்த கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அந்த ஊர்த் தண்ணீர் ரொம்ப ருசி என்று போனில் சொன்னார். தினமும் முதல் கண்ணாடிக்கு முன் இந்த நீல மூடியைத் திறக்கிறேன். எண்ணைப் பார்த்த பிறகுதான் நோட்டைத் தொடுவேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கேன் குடிதண்ணீர் ஏற்றியாக வேண்டும் என்பது கூட்டாளி போட்ட சட்டம். கேன் இல்லாமல் வண்டியை அவன் நகரவிட மாட்டான்.

ஹாஸ்டல் ரசீதின் பின்பக்கம் அக்கா பென்சிலில் எழுதித் தந்த கணக்கு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு குழாயும் மூட்டும் அதில் உண்டு. வால்வு நூற்று இருபது என்று எழுதி அடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி போடவில்லை. மீட்டரை எழுதவே இல்லை. மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.