கண்ணமங்கலம் தாண்டினால் மணக்கும் அத்தர்

என் வீட்டுக்காரர் மணிக்கட்டில் ஊத் என்கிற அகில் அத்தர் வைத்தால் அது உடனே மணக்காது. நாறும். ஆரணியில் வேலூர் பஸ் ஏறும்போது பிளாஸ்திரியும் நனைந்த கோணியும் கலந்த ஒரு வாடை. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஆள் யாரோ, நான் யாரோ என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்ணமங்கலம் வரும்போது சாம்பிராணி போட்ட கூடம் மாதிரி ஆகும். அதைத் தாண்டினால்தான் சந்தனமும் வெல்லமும் சேர்ந்தாற்போல ஒரு மணம் வரும். அப்போது நானே நகர்ந்து பக்கத்தில் உட்காருவேன்.

பெரிய விலையெல்லாம் இல்லை, விரல் நீளக் குப்பி. நான் அதை முதலில் முகர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில், சேவூரில் எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்த அன்று.

அதற்கு முன்னால் இரண்டு பேரை நான் வேண்டாம் என்றிருந்தேன். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "இது மூணாவது. வேணுமோ வேணாமோ, அவங்க கெளம்பறதுக்குள்ள சொல்லிடு. அப்புறம் என்னைப் பேஜார் பண்ணாத." ஆயுசு முழுக்க யாரோடு இருப்பது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லியாகவேண்டும்.

முள்ளிப்பட்டிலிருந்து அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். பிள்ளைக்கு முன்னால் வாடை வந்தது. காப்பியை நீட்டிவிட்டு ஒரே ஓட்டமாக அடுப்பங்கரைக்கு வந்தேன்.

"யம்மா, எனக்கு வேணாம். ஆட்டுக்கொட்டாயில யார் குடித்தனம் பண்றது?"

"சும்மா இருடி. அப்பா தறியில உக்கார வெக்கறாரு, பாத்துட்டுச் சொல்லு."

அது அப்பாவின் வழக்கம். மாப்பிள்ளை வருகிற அன்று பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளில், மூன்றைத் தானே அறுத்துவைப்பார். வருகிறவன் அவற்றை முடிச்சுப் போட்டுக் காட்டவேண்டும். முந்தைய இருவரும் கால் மணியில் முடிந்துவிட்டு மீசையைத் தடவினார்கள். தறியில் ஓடியது நான் நெய்துகொண்டிருந்த மாம்பழ நிறப் புடவை. இந்த ஆள் அதைப் பாழாக்கிவிடுவானோ என்ற பயத்தில் பக்கத்திலேயே போய் நின்றேன்.

அவரோ முடிந்தார், முடிந்தார், முடிந்துகொண்டே இருந்தார். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்ததில் வேர்த்துக் கொட்டியது.

"ஜல்தியா முடிடா, பஸ்ஸு போயிடும்" என்றார் அவருடைய அம்மா.

"இதோ ஆயிடுச்சும்மா" என்றார். ஆகவில்லை.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "இன்னா நிதானம் பாரு!" என்று என்னிடம் கிசுகிசுத்தார். நான் கையைப் பார்க்கவில்லை. வாடை எப்போது போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மணிக்கட்டிலிருந்து வந்த மணத்தை விட்டு நகர மனசே வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இன்னும் ஒரு இழை அறுந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமாகி எட்டொன்பது வருஷம் கழித்து, ஒரு முறை வேலூர் பஸ்ஸில் அவராகவே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். அத்தரை வாங்கியதும் நெசவுக்காரப் புத்தியில் ஒரு பட்டுத் துண்டில் தடவிச் சோதித்தாராம். ரெண்டு நாளாகியும் நாற்றம் போகவில்லையாம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாராம்.

"அந்த பாய் சிரிக்கறாரு. 'பட்டுக்கு ஏதுங்க ஒடம்புச் சூடு? தோல்ல வச்சி ஒரு மணி நேரம் பொறுங்க'ன்னாரு. உன்னைப் பாக்க வந்த அன்னிக்கிப் பஸ் கூட்டத்துல குப்பி ஒடையாம காப்பாத்திகினு வந்ததுல வைக்கவே மறந்துட்டேன். உங்க தெருமுனையில இறங்கித்தான் வச்சேன். உன் மூஞ்சி போன போக்கைப் பாத்ததும் திக்குனு ஆயிடுச்சி. மாறுற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு இழுத்தடிச்சேன். உங்கப்பாரு நிதானம்னு நெனச்சிட்டாரு!"

"மூணு அறுந்த எடத்துல ஏழு முடிச்சு எப்படிங்க வந்துது?" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் நெய்ய உட்கார்ந்தபோதே நான் எண்ணிவிட்டேன். நாலு இழையை அவரே அறுத்து அவரே முடிந்திருக்கிறார். அப்பா அறுத்தால் அது சோதனை. வேறொருவன் அறுத்தான் என்று தெரிந்தால் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஏழு முடிச்சையும் யார் கண்ணிலும் படாமல் பொறுமையாக உள்ளே நெய்துவிட்டேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் வேற எவ பக்கத்துலயாவது நாறிகினு உக்காந்திருப்பீங்க. எனக்கு உங்களை விட மனசு வரல."

அவர் மணிக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். கண்ணமங்கலம் இன்னும் வரவில்லை. பரவாயில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.