குனிந்து தேய்ந்த முதுகுக்கு எந்த யோகா?

காலை ஆறே முக்கால் மணிக்குச் செட்டிகுளத்தில் பஸ் ஏறினோம். நான், என் அண்ணன், அண்ணி தனலட்சுமி. உட்கார இடம் இருந்தும் அண்ணி பெரம்பலூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை வலி சுண்டி இழுக்கிறது. போன வாரம் பெரம்பலூரில் பார்த்த எலும்பு டாக்டர், "மூணு மாசம் யோகா பண்ணிப் பாருங்க, கேக்கலைன்னா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், பின் என்று பிரித்துச் சொன்னவர், எந்த யோகா என்று மட்டும் சொல்லவில்லை. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கடுப்பில்தான் நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எட்டு மணி. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு கடையின் மாடியில் ஏ.சி. அறை. வாசலில் 'பவர் யோகா' என்று பலகை. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். உள்ளே சினிமாப் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க ஆண்ட்டி. நம்மகிட்ட வந்தா பத்தே நாள்ல தொப்பை குறைஞ்சிடும்."

அண்ணிக்குத் தொப்பையா? முருங்கைக்காய்க்குக்கூட அவரைவிடச் சதை அதிகம். வலியைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்குள் சேர்க்கைக்கான தள்ளுபடியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இறங்கி வந்துவிட்டோம்.

ஒன்பதரைக்கு, நாலு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். இங்கே இலவச வகுப்பு. ஐம்பது பேர் இருப்பார்கள். இளைஞர், முதியவர், சர்க்கரை உள்ளவர், முழங்கால் போனவர் எல்லாருக்கும் ஒரே ஆசனம். முட்டியை மடக்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும். பாதிப் பேர் கணுக்காலுக்கு மேலேயே தடுமாறினார்கள். அண்ணி சட்டென்று குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துவிட்டார்.

"பாருங்க, பாருங்க! இந்த வயசுல அம்மாவுக்கு என்னா உடம்பு! எல்லாரும் கை தட்டுங்க" என்றார் ஆசிரியர்.

மண்டபமே கை தட்டியது. நிமிரும்போது அண்ணி தொடையில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்ததை அந்த மனிதர் பார்க்கவில்லை. நான் போய், "சார், அவங்களுக்கு முதுகுல டிஸ்க் விலகியிருக்கு" என்றேன்.

"அதெல்லாம் யோகாவுல தானா சரியாயிடும்மா. தெனம் குனிஞ்சா போதும்."

எனக்கு வந்ததே கோபம்! தலைவலித் தைலத்தில்கூடக் கண்ணில் படக் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். இங்கே கேள்வியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, கைத்தட்டல் மட்டும் இருக்கிறது.

அடுத்து அரியலூர். பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பதினொன்றரைக்கு நாங்கள் போன இடத்தில் மூச்சுப்பயிற்சி மட்டும்தான். மெயின் ரோட்டைப் பார்த்த கூடம். ஜன்னல்கள் திறந்து கிடந்தன, விரித்த பாய்களில் வெள்ளைப் புழுதி. "நல்ல்லா ஆழமா இழுங்க" என்றார்கள். இழுத்தேன். லாரிப் புழுதி தொண்டையில் இறங்கி இருமல் நிற்கவில்லை.

அண்ணி தயங்கி, "சம்மணம் போட்டு உக்கார முடியலைங்க. காலு இழுக்குது" என்றார்.

"அப்ப மொதல்ல உக்காரப் பழகிட்டு வாங்கம்மா."

வலிக்கு வழி கேட்டு வந்தவரை, வலி போனபின் வரச் சொல்கிறார்கள்! வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அண்ணன் பொறுமை இழந்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. ஏதோ ஒண்ணுல சேத்துவுட்டுட்டுக் கெளம்பு. நாளைக்கு வெங்காயம் புடுங்கணும், வூட்ல தலைக்கு மேல வேலை கெடக்கு."

அண்ணி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஆபரேஷன் பண்ணா எந்திரிச்சு நடப்பேனா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரரே வழி சொன்னார். அரசு மருத்துவமனையில் யோகாவுக்கென்று தனி டாக்டர் இருக்கிறாராம்.

பன்னிரண்டரைக்கு அங்கே போனோம். சின்ன அறை, இளம் பெண் டாக்டர். நாங்கள் கொண்டுபோன ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"நாள் பூரா என்ன வேலைம்மா செய்வீங்க?"

அண்ணன் முந்திக்கொண்டார். "வேலைக்கெல்லாம் போறதில்லைங்க மேடம். வூட்ல சும்மாதான் இருக்கு."

"ஆமாங்க. சும்மாதான் இருக்கேன்" என்றார் அண்ணி.

"உக்காந்தே இருந்தா தசையெல்லாம் இறுகிடும். முன்னாடி குனியற பயிற்சி கொஞ்சம்..." என்று டாக்டர் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, நேத்து என்ன பண்ணீங்க?"

"நேத்தா? களை எடுத்தேன்."

"அதுக்கு முந்தி?"

"புடுங்கின வெங்காயத்துக்குத் தாள் அறுத்தேன். போன பட்டத்துல நடவு. ஏன் கேக்குற?"

"அதெல்லாம் வேலை இல்லையா?"

அண்ணி என்னை விநோதமாகப் பார்த்தார். "அது நம்ம காடுதானே? கூலிக்கா போனேன்?"

எங்கள் பக்கத்தில் இதுதான் கணக்கு. அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தால் வேலை. சொந்தக் காட்டில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்தால் சும்மா இருப்பது. காலையில் யோகா ஆசிரியர்கள் மேல் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து முப்பது வருடம் ஒரு பெண்ணின் முதுகை வளைத்துவிட்டு, டாக்டர் கேட்கும்போது கூசாமல் 'சும்மா இருக்கு' என்கிறோமே, எங்களை எதால் அடிப்பது?

"முப்பது வருசமா அண்ணி குனியறது சும்மா, நீ மோட்டாரு போட்டுட்டு வரப்புல நிக்கறது மட்டும் வேலையாண்ணே?" என்றேன் சத்தமாகவே. அண்ணன் சுவரில் இருந்த ஆசனப் படங்களைப் பார்த்தார்.

டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க. நீங்க முப்பது வருசமா முன்பக்கமாவே குனிஞ்சிருக்கீங்க. உங்களுக்கு அதுக்கு எதிர்ப்பக்கம்தான் வேணும். குப்புறப் படுத்து ஓய்வு, அப்புறம் மெதுவா நெஞ்சைத் தூக்கறது. வேகம் வேண்டாம், சம்மணம் வேண்டாம். வலிச்சா நிறுத்திடுங்க. இந்த மூணு மாசமும் குனியற வேலையே கூடாது. அப்பத்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமான்னு பாக்கலாம்."

பாயில் குப்புறப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் தோள் தளர்ந்தது. "காலு இழுக்கறது கொஞ்சம் வுட்டுருக்குங்க" என்றார், நம்பாதவர்போல. எந்த யோகா என்று யாராவது என்னைக் கேட்டால் இனி ஒன்றுதான் சொல்வேன்: உங்கள் உடம்பு நாள் முழுதும் என்ன செய்கிறது என்று கேட்காத இடத்தில் பாயை விரிக்காதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

மாலை நாலரைக்குத் திரும்பும் பஸ். அண்ணி மறுபடி கம்பியைப் பிடித்து நின்றார். பக்கத்தில் நின்ற, தோளில் பை மாட்டிய பெண் பேச்சுக் கொடுத்தார்.

"என்னக்கா, வேலை முடிஞ்சு போறீங்களா? எங்க வேலை பாக்கறீங்க?"

அண்ணி கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "வெங்காயக் காட்டுல. முப்பது வருசமா" என்றார். "இன்னைக்கு லீவு."

முன் சீட்டிலிருந்து அண்ணன் திரும்பினார். "நாளைக்கு வெங்காயம் புடுங்கணும், தெரியும்ல?"

"ஆள் வச்சுக்கங்க" என்றார் அண்ணி. "எனக்கு நாளைக்கும் லீவுதான்."