புள்ளிகளில் நடந்த மனிதன்

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் நான்காம் வகுப்புக்குப் படிப்பித்த காலம் அது. போர் நடந்துகொண்டிருந்தது. நகரில் எங்காவது குண்டு வெடித்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று மாதம் ஒருமுறை பயிற்சி வைப்போம். சத்தம் போடக் கூடாது, கை அசைவு மட்டும்தான் என்பது பாடசாலையை நடத்தும் அதிபரின் கட்டளை. நான் இரு கைகளையும் மேலிருந்து கீழே இறக்கினால் மேசைக்கு அடியில் பதுங்க வேண்டும். கையை வாசல் பக்கம் வீசினால் வரிசையாக வெளியே போக வேண்டும்.

என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை, தாய் வீட்டில் தையல். மனக்கணக்கில் அவளை யாரும் வெல்ல முடியாது. ஆனால் கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டாள். எதிரே வருகிறவர்கள் மேல் போய் மோதுவாள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு விறைத்து நிற்பேன், மற்றப் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள், அவள் மட்டும் சிரித்துக் கதைத்தபடி என்னிடம் வருவாள். திமிர் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பயிற்சி நாளில் அதிபர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகளை இறக்கினேன். மற்ற நாற்பது பிள்ளைகளும் மேசைகளுக்கு அடியில் போனார்கள். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடி வந்து என் வயிற்றில் மோதினாள். மேசைகளுக்கு அடியிலிருந்து சிரிப்பு எழுந்தது. அதிபர் திரும்பிப் போனார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அவள் கன்னத்தில் அறைந்தேன்.

அவள் அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "நீங்க கூப்பிட்டீங்க எண்டு நினைச்சன் டீச்சர்" என்றாள்.

பொய் சொல்கிறாள் என்று எண்ணினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய தாய் பள்ளிக்கு வந்தார். பொரளையில் ஒரு கிளினிக்கில் மகளைக் காட்டுகிறார்களாம். "வகுப்பில எப்பிடி இருக்கிறா எண்டு டொக்டர் கேக்கிறா. எனக்குச் சொல்லத் தெரியேல்ல. நீங்க ஒருக்கா வருவீங்களா டீச்சர்?" மறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை கூடவே போனேன்.

டொக்டர் இளம் பெண். பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி., கவனம் நிலைக்காமல் ஓரிடத்தில் இருக்க முடியாத குறைபாடு, என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்று தன்னுடைய ஆய்வுக்காக ஒன்று காட்டப் போவதாகத் தாயிடம் சம்மதம் கேட்டார். கம்பியூட்டர் திரை கறுப்பாக இருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள் அசையத் தொடங்கின. ஒரு கணம்கூட ஆகவில்லை, எனக்கு அது ஒரு மனிதன் நடந்து வருவது என்று தெரிந்துவிட்டது. தோள், முழங்கை, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மட்டும் புள்ளிகளாக இருந்தன. உடம்பு இல்லை. ஆனாலும் மனிதன்.

"என்ன தெரியுது மகள்?" என்று டொக்டர் கேட்டார்.

"நுளம்பு" என்றாள் அவள், கொசு பறப்பதுபோல் விரலைச் சுழற்றிக் காட்டி.

அடுத்த படத்தில் அதே மனிதன் வேறு விதமாக வந்தான். அவன் கோபத்தோடு வருகிறான் என்று எனக்கு நெஞ்சிலேயே பட்டது. அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். "இப்பவும் நுளம்புதான். முந்தினதைவிடக் கூட நுளம்பு." பிறகு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிழையாச் சொல்லிட்டனா?"

"இதில சரி பிழை இல்ல மகள்" என்றார் டொக்டர். என்னிடம் திரும்பி, "ஒரு ஆள் அசையிறத வச்சே அவர் என்ன செய்யப் போறார், கோபமா இருக்கிறாரா எண்டு எங்களுக்குத் தானா விளங்கும். இவவைப் போல சில பிள்ளைகளுக்கு அது பிந்தி விளங்கும், சிலநேரம் மாறி விளங்கும். கவனம் சிதறுறதால மட்டும்தானா எண்டு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது" என்றார்.

வகுப்பில் அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிக்கை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன்.

திரும்பி வரும்போது வழியில் இராணுவத்தினர் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் வாய் திறக்காமல் கையாலேயே நிற்கவும் நடக்கவும் காட்டிக்கொண்டிருந்தான். தாய் மகளின் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: "நில்லு. அவர் நிக்கச் சொல்றார். இப்ப நட. ஓடாத. இப்ப பேக்கைத் திறந்து காட்டு." சிப்பாயின் ஒவ்வொரு அசைவையும் அவர் சொற்களாக மாற்றினார். பிள்ளை அப்படியே செய்தாள். ஒரு பிசகும் இல்லை.

மறுபடி பஸ்ஸில் ஏறியதும், "இது உங்களுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டேன்.

"பேர்தான் தெரியாது டீச்சர். ரோட்டில நடக்கத் தொடங்கின நாளிலயிருந்து இப்பிடித்தான் சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போறன்."

"நான் அவவுக்கு அடிச்சனான்" என்றேன்.

"தெரியும். அண்டைக்கே சொன்னவ." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "வந்து சண்டை பிடிச்சா நீங்க அவவை இன்னும் வெறுப்பீங்கள் எண்டு பயந்தன். நேரில பாத்தா விளங்கும் எண்டுதான் வரச் சொன்னன்."

மகள் எங்களுக்கு நடுவில் இருந்து யன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் அவளைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "இப்ப நீங்க கோபமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்ல. கவலையா இருக்கு."

"ஓ" என்றாள். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்."

அதன்பிறகு நான் கோபப்பட்டால் கோபம் என்று வாயால் சொன்னேன். பயிற்சியில் குரலை அடக்கிச் சொற்களாலும் சொல்ல அதிபரிடம் அனுமதி கேட்டேன். முதலில் மறுத்தார், மூன்றாம் முறை விட்டுவிட்டார். அவள் பெரும்பாலும் சரியாகச் செய்தாள். ஆனாலும் அந்த வருடம் முழுவதும் நான் கையை ஓங்கிக் கரும்பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம், முன்வரிசையிலிருந்த வேறொரு பிள்ளை கன்னத்தை மூடிக்கொள்வாள். அந்த அறை யாருக்கெல்லாம் விழுந்தது என்று அப்போதுதான் கண்டேன்.

அடுத்த வருடம் அவர்கள் வெள்ளவத்தைப் பக்கம் வீடு மாறினார்கள். தாய் வந்து, பள்ளி மாறுவதற்கான விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போனார். புதிய பள்ளி ஆசிரியைக்கு நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் அறைந்ததையும் எழுதியிருந்தேன். தாய் அங்கேயே நின்று முழுவதும் வாசித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"குடுக்கிறன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.